ரேங்க் அக்கா நிரப்பிய கட்டம்

ரேங்க் அக்காவை முதன்முதலில் பார்த்த அன்று நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் என்னை நல்லவன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும்.

நான் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் இரத்த ஆய்வகத்தில் டெக்னீஷியன். ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையும் எண்ண வேண்டாம். இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் இயந்திரங்கள், ஒன்றில் குளிர்பெட்டிகள், மூன்றாவதில் நாங்கள் நான்கு பேரும் ஒரு டீ கெட்டிலும். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறந்துவிடுகிற குழந்தைகளின் இரத்தம் இங்கே வரும். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் அணுக்கள் செத்துப்போகும், அப்புறம் இயந்திரம் சொல்வதெல்லாம் பொய். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் முசுடு. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

நான் இங்கே வேலைக்கு வந்ததே என் மகளால்தான். அவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது சளி என்று தொடங்கியது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். இந்த ஆய்வகத்தின் தலைவிதான், நாங்கள் டாக்டரம்மா என்போம், அவள் உடம்பில் எது இல்லை என்று கண்டுபிடித்தார். என் மனைவியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது, குழந்தை பிழைத்தாள். டாக்டரம்மா அப்போது நடத்திவந்த ஆய்வில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவள் எண் பதினேழு. அந்த எண் அட்டை இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அவளுக்கு இரண்டு வயதானபோது ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வேறொரு லேபில் ஊரார் சர்க்கரையை அளந்துகொண்டிருந்த நான் ஓடிவந்து சேர்ந்துகொண்டேன்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதாவது போன வருடம், அந்த மூன்று அறைகளையும் மூடப்போகிறோம் என்றார்கள்.

மருத்துவமனையின் நிர்வாகக் குழு கூடியது. குழுத் தலைவர் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சியில் உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வு மருத்துவமனை எத்தனையாவது இடம் என்று வருடா வருடம் ஒரு நிறுவனம் வெளியிடுகிற பட்டியல். கட்டுரைகளை எண்ணுவார்கள். அந்தக் கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்றும் எண்ணுவார்கள். அதிலிருந்து ஓர் இடம் வரும்.

"ஐநூறு இடம் இருக்கு டாக்டர்," என்றார் அவர். "நம்ம பேரு ஒண்ணுலயும் இல்ல. இருபது வருஷமா ஆராய்ச்சி பண்றோம்னு சொல்றீங்க. உலகத்துக்குத் தெரியலையே."

டாக்டரம்மாவுக்குப் பட்டியல் பார்க்கிற பழக்கமே கிடையாது. குழந்தையைப் பார்ப்பார், கண்டதை எழுதுவார், அடுத்த குழந்தையைப் பார்ப்பார். அன்றைக்கும் அடுத்த குழந்தையைப் பார்க்கத் திரும்பி வந்துவிட்டார். அடுத்த ஆண்டுப் பட்டியல் வரட்டும், அதிலும் பெயர் இல்லையென்றால் மூடிவிட்டு இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பலாம் என்று குழு முடிவு செய்தது. வெளியூருக்குப் போய்ச்சேர ஒன்பது மணி நேரம். ஆறு மணி நேரத்தில் சாகிற அணுவுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

நான் பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்த அம்மா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தோளில் துணிப்பை, கழுத்தில் எதிர்ச்சாரியில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. அட்டையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்கான மருந்துத் திரவங்கள் தெர்மாகோல் பெட்டிகளில், டிரை ஐஸுக்குள் புதைந்து வரும். வந்த அன்றே வாங்கி உள்ளே வைக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் தபால் வாங்குகிறவர் சனிக்கிழமை மதியத்தோடு கிளம்பிவிடுவார். பல்கலைக்கழக வாசலில் எந்நேரமும் ஆள் உண்டு. அதனால் டாக்டரம்மா பல வருடங்களுக்கு முன்பே அவர்களிடம் கேட்டு, பெட்டிகளையெல்லாம் அந்த விலாசத்துக்கே வரவழைத்தார். நான்தான் போய் எடுத்து வருவேன். 'இடத்தை அடைக்குது' என்று அவர்கள் அவ்வப்போது முணுமுணுப்பார்கள், நானும் பதிலுக்கு முணுமுணுப்பேன்.

"பெட்டி விஷயமா வந்தீங்களா?" என்றேன், வாங்க என்றுகூடச் சொல்லாமல். "இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கங்க. அப்புறம் பெட்டியும் வராது, நாங்களும் வர மாட்டோம். உங்க வாசல் சுத்தமா இருக்கும்."

"பெட்டிக்காக வரல தம்பி. இங்க குழந்தைங்க வர்றாங்களா?"

"பின்ன, இங்க என்ன சினிமாவா ஓடுது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தொலைந்த சாவி கிடைத்தவர்போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு," என்றார். "அப்ப அந்த எழுபத்திரெண்டு பேரும் இங்கதான் இருந்திருக்காங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அங்கே அந்த அம்மா பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் டாக்டரம்மா எழுதிய கட்டுரைகள். நாற்பத்து மூன்று.

இனி அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம்.

அவர் படித்தது வரலாறு. இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரிகைகளுக்கு முத்திரை குத்துகிற தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். முத்திரை குத்தும்போது பக்கம் திறக்கும், திறந்த பக்கத்தில் கண் போகும். புரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பார். இப்படியே பதினைந்து வருடம் போயிற்று. அதன்பிறகு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ரேங்க் ஜுரம் பிடித்துக்கொண்டது. யாராவது ஒருவர் உட்கார்ந்து கட்டுரைகளைப் பட்டியல்போட வேண்டும். பேராசிரியர்கள் யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை. நூலகத்துக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் அறை ஒன்றை ஒழித்து இவரை உட்காரவைத்தார்கள். போகிற வருகிற மாணவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, நாம இப்ப எத்தனாவது?" என்று கேட்பார்கள். ரேங்க் அக்கா என்று பெயர் விழுந்தது அப்படித்தான். வீட்டுக்காரர் தையல்காரர். "எங்க வீட்டம்மா ஒரு பல்கலைக்கழகத்தையே தூக்கி நிறுத்துறாங்க. கேஸ் சிலிண்டரத் தூக்க மட்டும் நான் வேணும்," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம்.

அக்காவின் வேலை இதுதான். பட்டியல் வெளிவரும் முன், அந்த நிறுவனம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் 'உங்கள் கட்டுரைகள் என்று நாங்கள் எண்ணியிருப்பவை இவை' என்று அனுப்பும். மூன்று வாரத்துக்குள் சரிபார்த்து, தவறு இருந்தால் படிவத்தில் எழுத வேண்டும். எல்லோரும் விட்டுப்போனது எது என்றுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். அக்கா மட்டும் வந்திருப்பவற்றையும் வாசிப்பார். அப்படி வாசிக்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை.

அந்த வருடம் அவர்களுக்கு எதிர்பார்க்கப்பட்ட இடம் தொண்ணூற்று நான்கு. முதன்முறையாக நூறுக்குள். டீன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் 'உலகின் முதல் நூறில் நாம்' என்று வாசல் அகலத்துக்கு ஒரு பேனரையே அடித்துவிட்டார். பட்டியல் வரும்வரை அது அக்காவின் அறையில் சுருட்டி நின்றது. இவ்வளவு உயர்வுக்கும் முக்கியக் காரணம் ஒரு கட்டுரை, அறுநூறு முறைக்குமேல் மேற்கோள் காட்டப்பட்டது. எழுபத்திரண்டு குழந்தைகளைப் பற்றியது. அக்கா அதை எட்டு வருடங்களுக்கு முன்பே படித்தவர்தான். ஆனால் பேனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தபோதுதான் ஒரு கேள்வி தைத்தது. எழுபத்திரண்டு குழந்தைகளை எங்கே படுக்கவைத்தார்கள்? பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு மூன்று மாடி இருக்கிறது. குழந்தைக்கு ஒரு கட்டில்கூடக் கிடையாது.

துறையில் போய்க் கேட்டார். "ஏதோ நம்ம ஆளுங்கதான்கா," என்றார்கள். அதற்குமேல் கேட்கவும் யாருக்கும் ஆசையில்லை. கடைசியில் அவர் கேட்டது வாசல் செக்யூரிட்டியை. கட்டுரையில் போட்டிருந்த 'குழந்தைகள் இரத்த ஆய்வகம்' என்ற பெயருக்கு இங்கே ஏதாவது வருமா என்று.

"வருமே," என்றாராம் அவர். "ஐஸ் பெட்டி வரும். எதிர் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு முசுடு வந்து எடுத்துட்டுப் போவாரு."

டாக்டரம்மா தன் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழும் குழந்தைகள் இரத்த ஆய்வகம் என்று இருந்தது. அதன்கீழே பல்கலைக்கழகத்தின் விலாசம். மருத்துவமனையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"அட, ஐஸ் உருகிடக் கூடாதுன்னு போட்ட அட்ரஸ்," என்றார் டாக்டரம்மா. பெட்டி அங்கே வருகிறது, கடிதமும் அங்கேயே வரட்டும் என்று முதல் கட்டுரையில் எழுதியிருக்கிறார். இரண்டாவதை எழுதும்போது முதலாவதைப் பார்த்துக் காப்பியடித்தார். மூன்றாவதற்கு இரண்டாவது. அப்படியே நாற்பத்து மூன்று. எண்ணுகிற கணினிக்கு ஐஸ் தெரியாது, விலாசம்தான் தெரியும். இவ்வளவு நாளும் அந்தப் பெட்டிகளைத் தூக்கிச் சுமந்த எனக்கும் இது தோன்றவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழுத் தலைவரின் பட்டியல் விவகாரத்தை நான்தான் அக்காவிடம் போட்டு உடைத்தேன். பெயர் வராவிட்டால் மூடிவிடுவார்கள் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களுதுன்னு ஒரு லெட்டர் குடுங்கம்மா. நான் எழுதிடறேன்."

"உங்களுக்குப் பிரச்சினை வராதா?"

"வரும்," என்றார் அக்கா, பையை மூடிக்கொண்டே.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'சேர்க்க வேண்டியவை' ஒன்று, 'எங்களுடையது அல்ல' இன்னொன்று. அந்த இரண்டாவது கட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஒரு வருடமும் தொட்டதில்லை. அக்கா அதில் நாற்பத்து மூன்றையும் எழுதி, எங்கள் கடிதத்தை இணைத்து அனுப்பினார். இரண்டு நாளில் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. 'நீங்கள் குறிப்பிட்ட நாற்பத்து மூன்று கட்டுரைகளும் ஏற்கெனவே உங்கள் கணக்கில் உள்ளன. கவலை வேண்டாம்.'

மறுபடி எழுதினார். மறுபடியும் கவலை வேண்டாம் என்று வந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. கடிதத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்ததால் நான் அவருடைய அறையில் நின்றிருந்தேன். தொலைபேசியில் நிறுவனத்தின் ஆளையே பிடித்துவிட்டார்.

"மேடம், கட்டம் மாத்திப் போட்டுட்டீங்க," என்று அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "சேர்க்கச் சொல்றீங்க, அதானே?"

"எடுக்கச் சொல்றேன்."

"எடுத்தா உங்க இடம் இறங்குமே?"

"இறங்கட்டும் சார். நம்ம வீட்டுக் குழந்தை இல்லையே."

இப்படி ஒரு பல்கலைக்கழகம் கேட்டு அவர் பார்த்ததில்லை போலும். பிறகு, "சரி மேடம், மேலதிகாரிகிட்டப் பேசறேன்," என்றார்.

அதற்குள் விஷயம் டீன் காதுக்குப் போயிருந்தது. அவரே அந்தச் சின்ன அறைக்கு வந்துவிட்டார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. நான் குழாய் ரிப்பேருக்கு வந்தவன்போல ஓரமாக நின்றுகொண்டேன்.

"யாரு கேட்டாங்க உங்ககிட்ட?"

"யாரும் கேக்கல சார்."

"அப்புறம் எதுக்கு?"

"அந்த ஆய்வகத்த மூடப்போறாங்க சார். அவங்க பேரு எங்கயும் இல்லையாம். அது நம்மகிட்ட இருக்கு."

டீன் மூலையில் சுருட்டி நின்ற பேனரைப் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடக் கனவு அது. "நான் தடுக்க மாட்டேன்," என்றார் கடைசியில். "ஆனா இந்த நாற்காலியில உங்கள வச்சுக்கவும் என்னால முடியாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமலே போனார். அக்கா ஒன்றுமே நடக்காததுபோல என் கையிலிருந்த பிரதியை வாங்கிக்கொண்டார்.

பட்டியல் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு நூற்று முப்பத்தோராவது இடம். எங்கள் மருத்துவமனை, மூன்று அறையும் ஒரு டீ கெட்டிலும், இருநூற்று ஏழாவது இடத்தில் பெயரோடு நின்றது. குழுத் தலைவர் அதை மூன்று முறை படித்தார். ஆய்வகம் இருக்கட்டும், வேண்டுமானால் இன்னொரு அறையும் தரலாம் என்றார். அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனைவிக்குப் போன் செய்தேன், பேச்சு வரவில்லை. அவள் பயந்துபோய், "என்னங்க ஆச்சு? மூடிட்டாங்களா?" என்று கத்தினாள். முசுடுக்கு நல்ல செய்தி சொல்லவும் வருவதில்லை.

அக்காவை மாற்றிவிட்டார்கள். எங்கே தெரியுமா? வாசலுக்குப் பக்கத்துத் தபால் அறைக்கு. வருகிற பார்சல்களை வாங்கிக் கையெழுத்துப் போடுகிற வேலை. பட்டியலைத் தொட அனுமதி கிடையாது.

எங்கள் கட்டுரைகளில் இப்போது சரியான விலாசம் இருக்கிறது. ஐஸ் பெட்டிகள் மட்டும் பழையபடி அங்கேதான் வருகின்றன, சனிக்கிழமை மதியம் என்பது இன்னும் சனிக்கிழமை மதியமாகத்தானே இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பெட்டி எடுக்கப் போனேன். தபால் அறையில் மேசை, எடைத் தராசு, ஒரு காற்றாடி. பெட்டிகளின் ஈரம் தரையில் படாமல் இருக்க அடியில் ஒரு தடித்த விரிப்பைப் போட்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட பேனர்.

நன்றி சொல்வதற்கென்று வழியெல்லாம் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, எங்களால உங்களுக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"இங்க காத்து நல்லா வருது தம்பி. அந்த ரூம்ல ஒரே ஜன்னல்," என்றார். பிறகு தயங்கினார். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? பேரெல்லாம் வேணாம். அந்தப் பெரிய கட்டுரையில கடைசியா ஒரு பட்டியல் இருக்கே, எழுபத்திரெண்டு வரி. ஒவ்வொரு குழந்தைக்கும் கடைசியில என்ன ஆச்சுன்னு போட்டிருக்கு. நல்லா இருக்கு, இல்ல தவறிடுச்சுன்னு. பதினேழுக்கு மட்டும் 'இரண்டு வயதுக்குப் பின் தொடர்பில் இல்லை'ன்னு இருக்கு. படிச்ச நாள்லேர்ந்து மனசுல கிடக்கு. அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு உங்க ஆஸ்பத்திரியில யாருக்காவது தெரியுமா?"

என் கை பர்ஸைத் தொட்டது.

ஆய்வில் ஒரு விதி உண்டு. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளை ஆய்வுக்குள் வைத்திருக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டரம்மா 'தொடர்பில் இல்லை' என்று எழுதிப் பதினேழாம் வரியை மூடினார். அந்த நேரத்தில் நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். எங்களுக்கு அது ஒரு சின்ன விதி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, முகம் தெரியாத ஒருவர் எட்டு வருடம் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"என் பொண்ணுக்கா," என்றேன். "ஒரு அரைமணி நேரம் இருங்க."

வீட்டுக்குப் போன் செய்தேன். அரைமணி நேரம் ஆகவில்லை, இருபது நிமிடத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள், விளையாட்டைக் கெடுத்துவிட்டேன் என்ற கடுப்போடு. கோபத்தில் அவள் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். முழங்காலில் பிளாஸ்திரி, பாதி பிய்ந்து தொங்கியது. உள்ளே வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் ரேங்க் அக்காவா? அப்பா சொன்னாரு. என் கிளாஸ் ரேங்க்கைக் கேக்க மாட்டீங்களே?"

"கேக்க மாட்டேன்மா," என்றார் அக்கா. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கவும் இல்லை. "எத்தனாவது படிக்கிறே, அத மட்டும் சொல்லு."

"ஆறாவது."

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்தார். ரேங்க் அறையிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தது அந்த ஒரு கட்டுரையின் பிரதி மட்டும்தான் போலிருக்கிறது, மடங்கி மடங்கி ஓரம் கிழிந்திருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போய், பதினேழாம் வரியில் விரலை வைத்து, 'தொடர்பில் இல்லை' என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'ஆறாம் வகுப்பு. சைக்கிள் ஓட்டுகிறாள். முழங்காலில் பிளாஸ்திரி.'